வாலைத் துரத்தும் நாய்க்குத் தெள்ளுச் சீப்பு வாங்கலாமா?

குட்டி வாலைத் துரத்தினால் பெரும்பாலும் விளையாட்டு. வளர்ந்த நாய் சுழன்று வாலடியைக் கடித்தால் முதலில் தெள்ளைத் தேடுங்கள். அதற்கு நெருக்கமான பல்லுள்ள இந்தத் தெள்ளுச் சீப்பு கட்டாயம் வாங்க வேண்டிய சாமான். உலோகப் பல்லாகக் கேளுங்கள், பிளாஸ்டிக் வளைந்து தெள்ளைத் தப்பவிடும்.

இடுப்பிலிருந்து வாலடி வரை, மயிர் படிந்த திசையில், தோலைத் தொட்டபடி மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைச் சவர்க்காரத் தண்ணியில் முக்க வேண்டும். வெறும் தண்ணியில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். கறுப்புத் தூள் வந்தால் நனைத்த வெள்ளைக் கடதாசியில் தட்டுங்கள். சுற்றிவரச் செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம், அதாவது நாயின் இரத்தம். வன்னிச் செம்மண் இங்கே ஏமாற்றப் பார்க்கும். ஆனால் மண் பெரும்பாலும் இப்படிக் கசியாது, துகளாகவே கிடக்கும்.

சடை விழுந்த மயிரில் சீப்பு சிக்கி நாய்க்கு நோகும், அது பெரிய குறை. உண்ணியை இதால் இழுக்காதீர்கள், வாய்ப்பகுதி தோலுக்குள் முறியும், சாமணம் வேண்டும். முட்டையும் புழுவும் படுக்கைச் சாக்கில் இருப்பதால் அதையும் கொதிதண்ணியில் அலசுங்கள்.

தெள்ளே இல்லாமல் பின்பக்கத்தை நிலத்தில் தேய்த்தால் குதச்சுரப்பி (மலவாசலின் இருபக்கமும் உள்ள சிறு பை) அடைத்திருக்கலாம். கூப்பிட்டும் சுழல்வதை நிறுத்தாத நாயை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.