பழைய காம்பாக்ட் எஸ்யூவியுடன் நான்கு ஆண்டுகள்: பழுதுகளைக் கண்டறிந்த விதம்

ஆறு ஆண்டுகள் ஓடி, ஓடோமீட்டரில் 62,000 கி.மீ. காட்டிய ஒரு பெட்ரோல் காம்பாக்ட் எஸ்யூவியை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அது 1,18,000 கி.மீட்டரைக் கடந்திருக்கிறது. இதுவரை ஆன பழுதுச் செலவைக் கூட்டிப் பார்த்தால், உண்மையாகவே கெட்டுப்போன பாகங்களுக்குக் கொடுத்ததைவிட, நல்ல பாகங்களை ஊகத்தின் பேரில் கழற்றி மாற்றியதற்குக் கொடுத்ததே அதிகம். ஆகவே எதை மாற்றினேன் என்பதைவிட, பழுது இருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையே விரிவாக எழுதுகிறேன்.

முதல் தொல்லை பேட்டரியில் தொடங்கியது. நான்கு நாட்கள் தொடர்ந்து நிறுத்தி வைத்தால் வண்டி கிளம்பாது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிப் புதியது போட்டார்கள். இரண்டே வாரத்தில் பழைய நிலை திரும்பியது. அதன் பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். முழுதாக மின்னேறிச் சில மணி நேரம் ஓய்விலிருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். இரண்டும் சரியாகவே இருந்ததால், ஓட்டத்தில் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் குறையில்லை, நிறுத்திய பிறகுதான் எங்கோ மின்சாரம் செலவாகிறது என்று தெரிந்தது. பானெட்டைத் திறந்து வைத்து, வண்டியைப் பூட்டி, உள்ளிருக்கும் கணினிகள் எல்லாம் அடங்கும் வரை அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, மைனஸ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே மீட்டரை இணைத்தேன். வழக்கமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய மின்னோட்டம் 0.4 ஆம்பியராக இருந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் மணி போய்விடும். 45 ஆம்பியர் மணி கொண்ட பேட்டரி ஐந்தாம் நாளுக்குத் தாங்காது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், முந்தைய உரிமையாளர் பின்பக்கக் கேமராவுக்காகப் பொருத்திய திரை, சாவியை எடுத்த பிறகும் அணையாத இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது புலப்பட்டது. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது எஞ்சினைக் கிளப்பிவிடக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தை மீட்டர் தாங்காது.

இரண்டாவது பழுது என்னை மிகவும் அலைக்கழித்தது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0171, அதாவது கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது. பட்டறையில் உடனே, வெளியேறும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். 300 கி.மீ. ஓடுவதற்குள் விளக்கு மீண்டும் எரிந்தது. அந்தக் குறியீடு கணினி கண்ட நிலையைச் சொல்கிறதே தவிர, இன்ன பாகம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆக்சிஜன் சென்சார் உள்ளதை உள்ளபடி தெரிவித்துக்கொண்டிருந்தது. இதை அப்போதே உணர்ந்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். பிறகு ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவுகளை, அதாவது கலவையைச் சரிசெய்யக் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைப் படித்தேன். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, குறுகிய கால, நீண்ட காலத் திருத்தங்கள் இரண்டும் சேர்ந்து +20 சதவீதம் இருந்தன. நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் வைத்தால் +4 சதவீதமாகக் குறைந்தன. ஐடிலில், காற்று நுழையும் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் மிகுதியாக இருக்கும். சிறு விரிசல் வழியாக அளவிடப்படாமல் நுழையும் காற்றும் அப்போது மொத்தக் காற்றில் பெரும்பங்காகிவிடும். வேகம் கூடும்போது அந்தப் பங்கு சுருங்கிவிடும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, சுமை ஏற ஏறத் திருத்தம் கூடியிருக்கும். இந்த ஒப்பீட்டைச் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் புகை விட்டுச் சோதிக்கச் சொன்னபோது, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து புகை வெளிவந்தது. குழாயை வளைத்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் விரிசல் அது. குழாயை மாற்றிய பின் திருத்தம் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. விளக்கு இன்றுவரை எரியவில்லை.

முன்பக்கம் மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது கேட்ட 'டக் டக்' ஓசைக்கு, ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து வேகத்தடையில் ஏறும்போது ஓசை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் கேட்டது. வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆன்டி ரோல் பார் அப்போதுதான் முறுக்குக்கு ஆளாகும் என்பதால், அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடுகளை இரு பக்கமும் கழற்றிவிட்டு ஒரு சுற்று மெதுவாக ஓட்டினோம், ஓசை நின்றது. லிங்க் ராடுகளோடு வேலை முடிந்தது. அதே சமயம், சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில் வெடித்திருந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். இவற்றின் போல்ட்டுகளை வண்டியைத் தூக்கிய நிலையிலேயே முழுதாக இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது அருகில் நின்று இதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மாதந்தோறும் சிறிது குறைந்தும் தரையில் ஒரு சொட்டுகூடக் காணப்படாதது அடுத்த கவலை. எஞ்சின் குளிர்ந்திருந்தபோது அழுத்தம் கொடுத்துச் சோதித்ததில், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூட்டின் இணைப்பில் கசிந்த திரவம் சூடான எஞ்சின்மேல் பட்டு உலர்ந்துபோயிருந்தது தெரியவந்தது; வெளுத்த படிவு அதற்குச் சாட்சி. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பிரேக்கில் வேறு குறை எதுவும் இல்லை.

இப்போது 60 கி.மீ. வேகத்துக்கு மேல் முன்பக்கமிருந்து ஒரு ரீங்காரம் கேட்கிறது. வீல் பேரிங் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் திருப்பங்களில் எடை ஒரு பக்கம் சாயும்போது ஓசை கூடவோ குறையவோ இல்லை. டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டதும் ஓசையும் பின்பக்கம் போய்விட்டது. டயரின் விளிம்பைக் கையால் தடவினால் ரம்பப் பற்கள்போல் ஏறியிறங்கித் தேய்ந்திருக்கிறது. பேரிங்கைத் தொடவில்லை, வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்த்துவிட்டு டயர்களை மாற்றப் போகிறேன்.