மண்டையைத் துளைக்காமல் மூளை அழுத்தம்: பிரெயின்ஃபோர்கேர் பட்டை பற்றிய மதிப்பீடு

இதய அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த குழந்தையிடம் "கண்ணைத் திற, கையைப் பிடி" என்று சொல்லிப் பார்க்க முடியாது. மயக்க மருந்தும் செயற்கைச் சுவாசமும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. மண்டையோட்டில் துளையிட்டுக் குழாய் செருகினால் மூளை அழுத்தம் நேரடியாகத் தெரியும் என்றாலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது ரத்தக்கசிவை வலிந்து அழைப்பதாகும். நெற்றியில் ஒட்டும் அகச்சிவப்பு அளவி ஆக்சிஜனைச் சொல்லுமே ஒழிய அழுத்தத்தைச் சொல்லாது.

இந்த இடைவெளிக்கு வந்திருப்பதுதான் பிரேசிலின் பிரெயின்ஃபோர்கேர் பட்டை. மூளைநீர்த் தேக்கத்துக்காகத் தாமே சிகிச்சை பெற்ற சாவோ கார்லோஸ் இயற்பியலாளர் செர்ஜியோ மஸ்கரேன்யாஸ், மண்டையோடு அசையாத பெட்டி என்ற பழைய கருத்தை ஏற்காமல், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அது மைக்ரோமீட்டர் அளவில் விரிந்து சுருங்குவதை அளக்க முனைந்ததில் பிறந்தது இது. முடி மழிக்காமல், காதுக்கு மேலே உணரி தோலைத் தொடும்படி பட்டையைக் கட்டினால் போதும். திரையில் மூன்று முகடுகள் கொண்ட அலை ஓடும். இயல்பான நிலையில் முதல் முகடே உயரமானது. இரண்டாவது அதைத் தாண்டி எழுந்தால், மூளை, அழுத்தம் ஏறாமல் இடங்கொடுக்கும் தன்மையை இழந்துவருகிறது என்று பொருள்.

மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் ஓர் எண்ணை எதிர்பார்ப்பவர் இதை வாங்க வேண்டாம். இது காட்டுவது அலையின் வடிவத்தை. என் கணிப்பில், ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்ப அளந்து ஒப்பிடுவதில்தான் இதன் அருமை இருக்கிறது. கிளென் எனப்படும் இதய அறுவையில், தலையிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை நேராக நுரையீரல் தமனியோடு இணைக்கப்படுவதால் தலையின் சிரை அழுத்தம் உயர்கிறது. அப்பிள்ளையின் கழுத்து ஒருபுறம் மடங்கிக் கிடந்தாலே வடிகால் நெருக்கப்படும். தலையை உயர்த்தி, கழுத்தை நேராக்கி, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த அலைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது சிறிய உதவியல்ல.

பிள்ளை அழுதாலோ அசைந்தாலோ அலை குலையும். இதயத்துடிப்பு சீர்கெட்டிருக்கும்போது வடிவத்தை மட்டும் நம்பி மருந்தை மாற்றக் கூடாது. இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் நாடியே மங்கிப்போன குழந்தைக்கோ அளக்கத் துடிப்பு இருக்காது. அங்கே, உச்சிக்குழி மூடாத சிசுவானால், அதன் வழியே எடுக்கும் அல்ட்ராசவுண்டையே நான் கேட்பேன்.