ஜெல் கார்டு: க்ராஸ் மேட்ச்சுக்குத் தாராளமாக வாங்கலாம், குரூப்பிங்குக்கு யோசித்து வாங்குங்கள்

சின்ன ரத்த வங்கிக்கு ஜெல் கார்டு (ஜெல் நிரப்பிய சின்னக் குழாய்கள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை) கட்டுப்படியாகுமா என்றால், எந்தக் கார்டு என்று திருப்பிக் கேட்க வேண்டும்: டோனர் ரத்தம் நோயாளிக்குச் சேருமா என்று பார்க்கும் க்ராஸ் மேட்ச்சுக்கான கூம்ஸ் கார்டா, ரத்தப் பிரிவைப் பார்க்கும் குரூப்பிங் கார்டா?

கூம்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. 1945இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் வெளியிட்ட ஆன்டி-ஹியூமன் குளோபுலின் சோதனையை (செல்களில் ஒட்டிய ஆன்டிபாடியைக் கண்டுபிடிப்பது) டியூபில் செய்தால், செல்களை மூன்று நான்கு முறை சலைனில் கழுவியாக வேண்டும். கழுவியது போதாமல் கொஞ்சம் பிளாஸ்மா தங்கினாலும் அதிலுள்ள குளோபுலின் ரீஏஜென்ட்டை (சோதனைக் கரைசலை) செயலிழக்கச் செய்துவிடும். பாசிட்டிவாக வரவேண்டியது நெகட்டிவாக வரும். பிரான்சின் லாப்பியர் குழு 1990இல் வெளியிட்ட ஜெல் முறையில் கழுவும் வேலையே இல்லை. சுழற்றும்போது செல்கள் ஜெல்லுக்குள் இறங்கும், பிளாஸ்மா மேலேயே நின்றுவிடும்.

க்ராஸ் மேட்ச்சுக்கு டோனர் செல்லை லிஸ் என்ற உப்பு குறைந்த கரைசலில் 0.8 முதல் 1 சதவீதமாகக் கலக்க வேண்டும்: 1 மில்லிக்கு 10 மைக்ரோலிட்டர் பேக்டு செல் (பிளாஸ்மா நீக்கிய சிவப்பணு). கார்டில் 50 மைக்ரோலிட்டர் செல், பிறகு நோயாளியின் பிளாஸ்மா 25. இந்த வரிசையை மாற்றக்கூடாது. செல் முதலில் போனால் ஜெல்லுக்கு மேலே ஒரு காற்று இடைவெளி நிற்கும். பிளாஸ்மா நேரே ஜெல்லில் பட்டால் உள்ளிருக்கும் ரீஏஜென்ட் வீணாகும். 37 டிகிரியில் 15 நிமிடம், சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மேலே கோடாக நின்றால் 4+, அதாவது வலுவான பாசிட்டிவ்; ஒட்டாமல் அடியில் பொட்டாக உட்கார்ந்தால் நெகட்டிவ்.

மேலே மெல்லிய கோடு, அடியில் பொட்டு என்று இரண்டும் தெரிந்தால் அவசரப்பட்டுப் பாசிட்டிவ் எழுதாதீர்கள். சரியாக உறையாத சீரத்தின் ஃபைப்ரின் (உறைவு இழை) செல்லைப் பிடித்துவைத்தாலும் இப்படித்தான் இருக்கும். இடிடிஏ (உறையாமல் தடுக்கும் ரசாயனம்) கலந்த சாம்பிளின் பிளாஸ்மாவில் திரும்பச் செய்யுங்கள். சமீபத்தில் வேறு குரூப் ரத்தம் ஏறியவருக்கு குரூப்பிங் கார்டிலும் இதே தோற்றம் வரும், அது நிஜம். கார்டைப் படுக்கவைத்து அடுக்குவது, தேவைக்கு மேல் ஃபாயிலை உரித்துவைப்பது இரண்டும் கூடாது. ஜெல் காய்ந்து வெடித்திருந்தால் அந்தக் கார்டு குப்பைக்கு.

குரூப்பிங் கார்டுதான் இடிக்கிறது. வழக்கமான ஆறு குழாய் கார்டில் ஏ, பி, டி, கன்ட்ரோல், ஏ1 செல், பி செல் ஆகியவைதான் இருக்கும். ஓ செல்லுக்குக் குழாய் இல்லை! 1952இல் பெண்டே குழு பம்பாயில் விவரித்த, ஓ செல்லிலும் இருக்கும் ஹெச் ஆன்டிஜென்கூட இல்லாத பாம்பே குரூப் ரத்தம் இந்தக் கார்டில் அச்சு அசலாக ஓ மாதிரியே தெரியும். ஆனால் அந்த குரூப்காரரின் பிளாஸ்மாவில் ஹெச்சை எதிர்க்கும் ஆன்டி-ஹெச் இருப்பதால் ஓ ரத்தமும் சேராது. கூம்ஸ் க்ராஸ் மேட்ச் காட்டிக்கொடுக்கும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டு ஓ ஏற்றினால் செல்கள் உடைந்து ஆளுக்கே ஆபத்து. ஆகவே ஓ என்று வரும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஓ செல் போட்டு ஒரு டியூப் தனியாக வையுங்கள். அதில் செல்கள் ஒட்டித் திரண்டால், ஆன்டி-ஹெச் லெக்டினில் (ஹெச்சோடு ஒட்டும் தாவரப் புரதம்) உறுதிசெய்யலாம். டியூபை எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், சாம்பிள் குறைவான இடத்தில் குரூப்பிங் முழுவதையும் அதிலேயே முடிப்பது மலிவு.

ஒரு கம்பெனியின் சென்ட்ரிஃபியூஜில் இன்னொரு கம்பெனி கார்டு பெரும்பாலும் பொருந்தாது. மெஷின் இலவசம் என்று வருகிறவரிடம் கார்டு விலையையும், வந்திறங்கும்போது எத்தனை மாதம் எக்ஸ்பைரி மீதமிருக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.