உலை எண்ணெய் எஞ்சினுக்கு நீர்ப் பால்மமா, யூரியா வினையூக்கியா?

உலை எண்ணெயில் ஓடும் எங்கள் மின்னாக்க எஞ்சின்களின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க இரண்டு வழிகளைப் பரிசீலித்தோம்: எண்ணெயோடு நீரை நுண்துளிகளாகக் கலந்து, பால்போன்ற கலவையாக (பால்மமாக) எரிப்பது ஒன்று, எரிந்தபின் வரும் புகையில் யூரியாக் கரைசலைத் தெளித்து வினையூக்கியின் வழியே செலுத்துவது மற்றொன்று. நாங்கள் தேர்ந்தெடுத்தது பால்மம்.

குறைக்கும் அளவில் வினையூக்கியே மேல். அது 80 முதல் 90 சதவீதம் வரை நீக்கும். பால்மத்திலோ 20 சதவீத நீர் கலந்தால் ஏறத்தாழ 20 சதவீதம்தான் குறையும். விதிக்கப்பட்ட வரம்பு கடுமையானது என்றால் இவ்விரண்டில் வினையூக்கியைத் தவிர வேறு வழியில்லை. கந்தக டையாக்சைடை இரண்டுமே குறைப்பதில்லை. அதற்குக் கந்தகம் குறைந்த எண்ணெய் போன்ற வேறு வழி வேண்டும்.

எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது பராமரிப்பு. வினையூக்கி நன்கு இயங்கப் புகை 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். எங்கள் எஞ்சின்களோ நாளின் பெரும்பகுதி குறைந்த சுமையில் ஓடுபவை; அப்போது புகை அவ்வளவு சூடாக இருப்பதில்லை. கந்தகம் மிகுந்த புகை குளிர்ந்தால், யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவும் புகையிலுள்ள கந்தக டிரையாக்சைடும் சேர்ந்து அம்மோனியம் பைசல்பேட்டாகி, பிசின்போல வினையூக்கியின் நுண்துளைகளையும் அடுத்துள்ள கொதிகலன் குழாய்களையும் அடைத்துவிடும். வினையூக்கியில் உள்ள வனேடியமே கந்தக டையாக்சைடின் ஒரு பகுதியை டிரையாக்சைடாக மாற்றுவதால் சிக்கல் மேலும் கூடுகிறது.

பால்மத்தில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்த் துளிக்குள் இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி வெடித்து எண்ணெயை மேலும் நுண்மையாகச் சிதறடிக்கிறது. சுடரின் வெப்பம் தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடும், எண்ணெய் காற்றோடு நன்கு கலப்பதால் கரியும் ஒருசேரக் குறைகின்றன. எரிபொருள் பீச்சும் நேரத்தைத் தாமதப்படுத்தி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க முயன்றால் பெரும்பாலும் கரி கூடிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் நீர் உப்பு நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதில் சோடியம் தங்கினால், எண்ணெயிலுள்ள வனேடியத்தோடு சேர்ந்து குறைந்த வெப்பத்திலேயே உருகும் படிவாகி, வெளியேற்று வால்வுகளை அரித்துவிடும். எண்ணெயை 100 டிகிரிக்கு மேல் சூடாக்குவதால், நீர் குழாயிலேயே கொதிக்காதபடி அழுத்தத்தையும் உயர்த்தி வைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்துமுன் வெறும் எண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பீச்சுக்குழல்களின் தேய்மானத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல எங்கள் அனுபவம் போதாது. ஒரே ஒரு முழுப் பழுதுபார்ப்பைத்தான் இதுவரை கண்டிருக்கிறோம்.

வரம்பு பின்னாளில் இறுகக்கூடும் என்பதால் புகைக்குழாயில் வினையூக்கிக்கான இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அப்போதும் பால்மத்தைக் கைவிடமாட்டோம்; அது முன்னதாகவே குறைத்துவிடும் பங்குக்கு யூரியா செலவாகாது.