சபைப் பொறுப்பாளர்களுக்கான பிரச்சினை தீர்க்கும் பயிற்சிக் கையேடு: எது உதவும், எது சறுக்கும்?

வேதாகமத்தின் நெகேமியா புத்தகம் 5-ஆம் அதிகாரத்தை வைத்த பயிற்சிதான் இந்தக் கையேட்டின் பலம். நிலத்தை அடகு வைத்த ஜனங்களின் கூக்குரல் கேட்டு யூதாவின் ஆளுநர் நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் முதலில் மனதுக்குள் ஆலோசிக்கிறார். பிறகே வட்டிக்குக் கடன் கொடுத்த பிரபுக்களைக் கண்டிக்கிறார், சபையைக் கூட்டுகிறார், வாங்கியதைத் திருப்பித் தரும்படி ஆசாரியர் முன் ஆணையிட வைக்கிறார். இதை நான்கு கட்டங்கள் கொண்ட தாளாக்கியிருக்கிறார்கள்: புகார், காரணம், பொறுப்பாளர், கெடு. வழக்கமாக கமிட்டிக் கூட்டங்கள் கடைசி இரண்டையும் காலியாக விட்டு ஜெபத்தோடு கலைந்துவிடும். அதே புகார் அடுத்த மாதமும் வரும்.

அப்போஸ்தலர் 6 பகுதியும் கூர்மை. தங்கள் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அந்தப் பந்தி விசாரணைக்குத் தெரிந்தெடுத்த 7 பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்; முறுமுறுத்த தரப்பிடமே பொறுப்பு போயிருக்கலாம் என்பதைக் கவனிக்க வைக்கிறது.

சறுக்கல் மத்தேயு 18:15-17-இல். தனியாகப் பேசு, ஓரிருவரை அழைத்துப் போ, பிறகு சபைக்குச் சொல் என்ற படிகளை மனஸ்தாபத்துக்கு வைத்தால் சரி. கையேடோ பாலியல் துன்புறுத்தலுக்கும் அதையே நீட்டுகிறது. பாதிக்கப்பட்டவரைத் தவறு செய்தவரிடம் தனியே அனுப்புவது ஆபத்து. அங்கே முதலில் பாதிக்கப்பட்டவருடைய பாதுகாப்பு, உடனே காவல்துறை. அடுத்த பதிப்பில் இந்தப் பக்கத்தை மாற்றியே ஆகவேண்டும்.

மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன பொறுப்புப் பகிர்வுக்கு அரைப் பக்கம்தான். கஞ்சத்தனம்!