காட்டியது ஒன்று, பெட்டியில் வந்தது ஒன்று: பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கும் பெற்றோர் கவனத்துக்கு

மதுரையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கித் தர எண்ணியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய இசைக்கருவி நிறுவனத்திடம் ரூ.16,990 கொடுத்து ஏமாந்தேன். விவகாரம் இப்போது மனுவாகியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பணம் போனதைவிட எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கருவியில் இருந்த குற்றத்துக்கு மூன்று மாதம் என் மகளைக் கடிந்துகொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவளுக்குக் கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிட்டார் வாங்க அந்தக் காட்சியகத்துக்குப் போனோம். குளிரூட்டிய கூடம், சுவர் நிறையக் கிட்டார்கள், சிரித்த முகத்தோடு விற்பனையாளர். அவர் எடுத்துக் கொடுத்த ஒன்றை அவளுடைய ஆசிரியரே வாசித்துப் பார்த்து, கம்பிகள் கைக்கு இதமாக இருக்கின்றன என்றார். மேற்பலகை ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தில் அறுத்த முழுப்பலகை என்று விற்பனையாளர் இரண்டு முறை சொன்னார். வாங்கிக்கொள்கிறோம் என்றதும், அது காட்சிக்கு வைத்தது, கடையில் வேறு இருப்பு இல்லை, எங்கள் இணையதளத்திலேயே பதிவு செய்தால் பிரிக்காத புதுப் பெட்டி வீட்டுக்கு வரும், விலையும் ரூ.1,500 குறையும் என்று சொல்லி, என் கைப்பேசியை வாங்கி அவரே பதிவு செய்து கொடுத்தார். வாசித்துப் பார்த்த கிட்டாருக்குப் பதிலாக, பார்க்காத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறோம் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஆறாம் நாள் திருநகரில் எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது. வெளிப்பார்வைக்கு அதே நிறம், அதே வடிவம். ஆனால் கம்பிகள் விரல் பதிக்கும் பலகையிலிருந்து உயரமாக இருந்தன. அழுத்தினால் விரல் நுனியில் பள்ளம் விழுந்தது. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசியபோது, புதுக் கிட்டார் அப்படித்தான் இருக்கும், வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும் என்றார்கள். நானும் நம்பினேன். வாசிக்க வாசிக்க விரல்தான் காய்த்துப் போகுமே தவிர, கம்பி தானாக ஒருநாளும் கீழே இறங்காது என்பதை அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. கிட்டார் பழகுபவர்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதில் சுட்டுவிரலை முழுவதும் படுக்கவைத்து அழுத்த வேண்டிய எஃப் கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஒரு பிடி. அது அவளுக்கு வரவே இல்லை. தினமும் ஒரு மணி நேரம் உட்கார், எல்லோருக்கும் வருவது உனக்கு மட்டும் ஏன் வராது என்று கேட்டிருக்கிறேன். ஒருநாள் இரவு அவள் இடது கையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். சுட்டுவிரலில் தோல் கிழிந்திருந்தது.

கிட்டாரை எடுத்துக்கொண்டு காட்சியகத்துக்கே போனேன். இது இணையத்தில் வாங்கியது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். இணையதளத்தில் கேட்டால், திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம், அது கடந்துவிட்டது என்று பதில் வந்தது. முதல் வாரத்திலேயே தொலைபேசியில் முறையிட்டதற்கு என் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. கடைசியில், செட்டப், அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்து தருகிறோம் என்று ரூ.1,200 வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு அப்பால் எங்கே அழுத்தினாலும் கம்பி உலோகத்தில் பட்டு இரைந்தது. எஃப் கார்டு மட்டும் முன்பிருந்தபடியே வலித்தது.

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் வீணையும் ஆர்மோனியமும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரைப் பற்றி மகளின் ஆசிரியர் சொல்லி, அங்கே போனோம். அவர் கிட்டாரை வாசிக்கவே இல்லை. துப்பாக்கிக்குக் குறி பார்ப்பதுபோல் தலைப்பக்கத்திலிருந்து நெக் என்ற கழுத்து நெடுகிலும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு தாள் நுழையும் அளவுதான் அங்கே இருக்க வேண்டுமாம்; ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்தே செருகலாம் போலிருந்தது. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் என்ற வெள்ளைப் பட்டையில் காடிகளை ஆழமாக அறுக்காமலேயே தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். எஃப் கார்டு வராததற்குக் காரணம் அதுதான். “பாப்பா விரல்ல ஒரு குறையும் இல்ல தம்பி” என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற மகளின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதோடு முடியவில்லை. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கும் என்றும், அந்த இழுவையைத் தாங்கி நிமிர்த்தி வைக்க உள்ளே டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி இருக்கிறது என்றும் அவர் விளக்கினார். என் கிட்டாரில் நெக் முன்னோக்கி வளைந்திருந்தது. டிரஸ் ராடைத் திருகி நெக்கை நிமிர்த்த வேண்டிய காட்சியகத்துக்காரர்கள், அதைத் தொடாமல், உடல்பக்கம் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் அவற்றைத் தாங்கும் சேடில் பட்டையைத் தேய்த்துத் தள்ளியிருந்தார்கள். அந்த இரைச்சல் அதனால் வந்ததுதான். கம்பி உயரமாக இருந்தால் அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டு ஸ்வரமும் ஏறிப்போகும். அவள் சுருதி சேர்த்து வாசித்தும் பிசகாகக் கேட்டதன் காரணம் அன்றுதான் புரிந்தது. பிறகு ஒலித்துளையின் விளிம்பில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். முழுப்பலகையாக இருந்தால் மேலே ஓடும் மரவரிகள் விளிம்பின் கனத்திலும் அப்படியே இறங்கும். இதில் மூன்று அடுக்குகள் பளிச்சென்று தெரிந்தன. பிளைவுட். பிளைவுட் கிட்டாரைத் தாழ்வாகச் சொல்லவில்லை. மதுரை வெயிலுக்கும் காற்றின் ஈர மாற்றத்துக்கும் முழுப்பலகையைவிட அது தாங்கும் என்று பெரியவரே சொன்னார். பிளைவுட்டை முழுப்பலகை விலைக்கு விற்றார்களே, அதைத்தான் மோசடி என்கிறேன். வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தேன். காட்சியகத்தில் வாசித்த கிட்டாரின் படத்தை ஆசிரியர் எடுத்து வைத்திருந்தார். அதன் மாடல் எண்ணுக்கும் பில்லில் இருந்த எண்ணுக்கும் கடைசி எழுத்து வேறாக இருந்தது.

இதை முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் கதை வேறு. ஆகவே, இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், மாடல் எண்ணை ஒப்பிடுங்கள், குறை இருந்தால் தொலைபேசியில் பேசுவதோடு நிற்காமல் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மெல்லிய முதல் கம்பிக்குக் கீழே சுமார் 2 மில்லிமீட்டர், தடித்த ஆறாம் கம்பிக்குக் கீழே இரண்டரைக்குச் சற்று முன்பின் இடைவெளி இருப்பது வழக்கம்; என் மகளுடைய கிட்டாரில் முதலில் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. பள்ளிக்கூட ஸ்கேல் போதும் அளப்பதற்கு. கடையில் வாசித்துப் பார்த்துப் பிடித்திருந்தால், காட்சிக்கு வைத்ததாக இருந்தாலும் அதையே கேட்டு வாங்குங்கள்.

விவரித்ததற்கு மாறான பொருளையோ குறையுள்ள பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் சொல்கின்றன. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதினோராம் நாள் பதில் வந்தது: ரூ.2,000க்கு அவர்கள் கடையிலேயே செலவழிக்கத்தக்க கூப்பன். மறுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். அதன்பின் கூப்பன் தொகை ரூ.4,000 ஆயிற்று. அதையும் மறுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையம் வழியாகவே மனு அனுப்பியிருக்கிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். இது தெரியாமல்தான் பலர் கூப்பனை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு ரூ.7,500இல் வேறொரு பிளைவுட் கிட்டாரைச் சிறிய கடை ஒன்றில் வாங்கி, அதைப் பெரியவரிடமே கொடுத்து நட்டையும் நெக்கையும் சரிசெய்துகொண்டோம். அவர் ரூ.600தான் கேட்டார். நான்காம் நாள் எஃப் கார்டின் ஆறு கம்பிகளும் ஒலித்தன. சமையலறையிலிருந்த என்னைக் கூப்பிட்டு அவள் மறுபடி வாசித்துக் காட்டினாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பழைய கிட்டாரை அதே நிலையில், கம்பிகளை மட்டும் தளர்த்தி, வந்த பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். ஆணையம் கேட்டால் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.