பத்து நிமிடம், ஒரு பொத்தான்: பிவிடி சோதனையை மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிவது

தூக்கம் வருகிறதா என்று கேட்டால் கிடைக்கும் பதிலை நம்பி ஒருவரின் கவனத்தை மதிப்பிட முடியாது. பதில் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். தூக்க ஆய்வாளர்கள் வான் டாங்கன், டிங்கஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 14 நாள் தினமும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. அவர்கள் சொன்ன தூக்கக் கலக்க மதிப்பெண்ணோ முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக ஏறவில்லை. இந்த இடைவெளியைக் காட்டிக்கொடுத்த சோதனைதான் பிவிடி, அதாவது சைக்கோமோட்டார் விஜிலன்ஸ் டெஸ்ட்.

1985-இல் டிங்கஸும் பவெலும் அறிமுகப்படுத்திய இது மிக எளிமையானது. வெறும் திரையில் 2 முதல் 10 வினாடிக்குள் ஏதோ ஒரு கணத்தில் மில்லிவினாடி எண்கள் ஓடத் தொடங்கும். கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம் இதேதான். சலிப்பாக இருக்கும், இருக்கவும் வேண்டும். சுவாரசியமான வேலையில் தூக்கக் கலக்கம் ஒளிந்துகொள்ளும்; இதில் அதற்கு இடமில்லை. பழகப் பழகத் திறமை கூடும் சிக்கலும் இதில் மிகக் குறைவு. முதல் மூன்று தடவையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் போதும். மாதக்கணக்கில் தொடர்ந்து பயன்படுத்தத் தகுதி வருவதே இதனால்தான்.

கணினியில் செய்ய பெபல் என்ற இலவச மென்பொருள் போதுமானது. கம்பியுள்ள மவுஸ் நல்லது. 60 ஹெர்ட்ஸ் திரையில் படம் ஒருமுறை புதுப்பிக்கவே சுமார் 17 மில்லிவினாடி ஆகிறது. கைப்பேசித் தொடுதிரை அதன் பங்குக்கு இன்னும் பல மில்லிவினாடி சேர்க்கும். ஒரே கருவியில் செய்யும்வரை இந்தத் தாமதம் தொல்லை தராது. நடுவில் கைப்பேசியை மாற்றினால் வரைபடம் திடீரென ஏறும் அல்லது இறங்கும்; பலர் அதைத் தூக்கம் கெட்டதாகவோ தேறியதாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். கருவி மாறினால் பழைய எண்களோடு ஒப்பிடாமல் புதிதாகத் தொடங்குவதே சரி.

முடிவைப் படிப்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சராசரி எதிர்வினை நேரம் ஏமாற்றும்: எல்லாம் 250 மில்லிவினாடியாக இருக்க, ஒரே ஒரு முறை 3000 ஆனாலும் சராசரி எகிறிவிடும். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 500 மில்லிவினாடியோ அதற்கு மேலோ ஆன அழுத்தல்களின் எண்ணிக்கை. இவற்றை லேப்ஸ் என்பார்கள். இன்னொன்று வேகம்: 1000-ஐ ஒவ்வொரு நேரத்தாலும் வகுத்து, வந்த எண்களுக்குச் சராசரி எடுப்பது. 250 என்றால் 4, 500 என்றால் 2. நூறு மில்லிவினாடிக்குக் குறைவாக வந்தால் அது எண்ணைப் பார்த்து அழுத்தியது அல்ல, முந்திக்கொண்டது, நீக்கிவிடுங்கள். நேரமில்லாதவர்களுக்கு 3 நிமிட வடிவம் உண்டு. அதில் லேப்ஸ் எல்லை 355 மில்லிவினாடி. இரண்டு வடிவங்களின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

எப்போது செய்வது? எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, மதிய உணவுக்கு முன், பிற்பகல் 3 மணி வாக்கில், படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன் என நான்கு வேளை. எழுந்த உடனே வேண்டாம். அப்போது அளப்பது விழிப்பு முழுதாக வருமுன் இருக்கும் மந்தத்தைத்தான். ஒவ்வொரு தடவையும் தொடங்கும் முன் கரோலின்ஸ்கா அளவுகோலில் 1 (நல்ல விழிப்பு) முதல் 9 (கடும் தூக்கம்) வரை தூக்கக் கலக்கத்தைக் குறித்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு குறித்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. தூங்கிய நேரம், காபி குடித்த நேரம் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். காபியிலுள்ள காஃபீனின் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். குறிப்பு இல்லாவிட்டால் மாலையில் தெரியும் வேகம் உங்களுடையதா, காபியுடையதா என்று பிரிக்க முடியாது.

இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத் தூக்கத்தின் அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்து உடல் கடிகாரம் பகல் முழுதும் விழிப்பை உயர்த்திப் பிடிக்கிறது. தூக்க ஆய்வாளர் போர்பெலி 1982-இல் முன்வைத்த கோட்பாடு இதுதான். பிற்பகலில் ஒரு சறுக்கல், பிறகு படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வியக்கத்தக்க தெளிவு. இரவில் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று படுக்கையைத் தள்ளிப்போடுபவர்கள் பலர் ஏமாறுவது இந்தத் தெளிவில்தான். வாயில் வெப்பமானி வைத்து அதே வேளைகளில் அளந்தால், வெப்பநிலையும் வேகமும் பெரும்பாலும் கூடவே ஏறி இறங்குவதைக் காணலாம். தூக்க ஆய்வின் முன்னோடி கிளைட்மன் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனித்தது இது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், பொழுது தெரியாத தனியறையில் தன்னார்வலர்களைத் தங்கவைத்து உடல் கடிகாரத்தையும் காலம் பற்றிய உணர்வையும் ஆராய்ந்தார்கள். நேரத்தை உள்ளிருந்து உணர்வதாக நாம் நினைப்பதும் அளந்து பார்க்க வேண்டிய பொருள்தான் என்பதைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்த வேலை அது. இன்னும் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் அடிக்கடி நேரும் தவறு, அலுப்பாக இருக்கும் வேளையில் மட்டும் சோதனை செய்வது. அப்போது எண்கள் மோசமாக வரத்தானே செய்யும்? நல்ல வேளைகளும் பதிவானால்தான் ஒப்பிட முடியும். அடுத்தது, ஒரே ஒரு லேப்ஸைப் பார்த்துப் பதறுவது. அறிவிப்பு மணி அடித்தாலே ஒன்று விழும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். பிறருடைய எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம். ஒரே அளவு தூக்கம் குறைந்தாலும் ஆளுக்கு ஆள் சரிவு பெரிதும் மாறும், அவரவருக்கு அது ஓரளவு நிலையாகவும் இருக்கும்.

இரவுப் பணிக்காரர்களுக்கு இது மிகவும் பயன்படும். உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும் அதிகாலை 3 முதல் 6 மணிக்குள் லேப்ஸ் எண்ணிக்கை பகலைவிடப் பல மடங்கு ஆவதை எண்ணாகப் பார்க்கலாம். கணக்குச் சரிபார்ப்பு, மருந்து அளவு எடுப்பது போன்ற வேலைகளை அதற்கு முன்போ பின்போ தள்ள இது போதுமான காரணம். ஆனால் சோதனையில் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது. அது காட்டியது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும். பணி முடிந்து சாலையில் அரைமணி நேரம் கழித்துக் கண் சொருகுவதை அது முன்கூட்டிச் சொல்லாது.